இராஜம்மா டீச்சரின் பெர்மிட்

நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போடுகிற வேலை அந்த வீட்டில் எப்போதும் நாகையாவுடையது. காலைச் சவாரி முடிந்ததும் டாக்சியை மாமரத்து நிழலில் நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கூடத்தில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். கரும்பலகையில் எழுதச் சாக்குக்கட்டி பிடிக்கிற கையில் கருவாட்டு வாடை அடித்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் என்று இராஜம்மா வேலைக்குப் போன புதிதில் சொன்னாள். அன்றைக்கு அவர் கைக்கு மாறிய வேலை பதினேழு வருஷமாக அவரிடமே தங்கிவிட்டது.

இராஜம்மா உட்காரவில்லை. கையில் ஷா ஆலம் கல்வி இலாகாவிலிருந்து வந்த கடிதம். அடுப்படிக்குப் போனாள், அடுப்பில் ஒன்றும் இல்லை, திரும்பி வந்தாள். மின்விசிறியைப் போட்டாள். பேப்பர் பறந்தது. அணைத்தாள்.

"உட்காரேன்" என்றார் நாகையா. "நீ நடக்கிற நடையைப் பார்த்தா நெத்திலியெல்லாம் எந்திரிச்சுக் கடலுக்கே போயிடும் போலிருக்கு."

"உங்களுக்கென்ன, கிண்டல்."

"கடிதாசியில என்னதான் போட்டிருக்கான்? நாலு தடவை படிச்சிட்ட."

அவள் ஐந்தாவது தடவையாகப் படித்தாள். மலாயில் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பித்துக் கொடுத்த தற்காலிகக் கற்பித்தல் அனுமதியை இனிமேல் புதுப்பிக்க மாட்டார்கள். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளிப் படிப்பின் கடைசியான ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி இருக்க வேண்டும். மார்ச் முதல் தேதிக்குள் இரண்டில் ஒன்றைக் காட்டாவிட்டால் வகுப்பில் நிற்கக்கூடாது.

அது 1987, பிப்ரவரி இரண்டாம் வாரம்.

கிள்ளான் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த தனியார் பள்ளி. பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. ஊரில் எல்லாரும் மாடிப் பள்ளி என்றுதான் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் வரும் மூன்றாம் படிவச் சோதனையில் தோற்று அரசாங்கப் பள்ளியிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளுக்கு அதுதான் இரண்டாவது வாசல். காப்பாரிலிருந்தும் சுற்றுப்பக்கத் தோட்டங்களிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். எல்லாப் பாடமும் ஒப்பேறிவிடும், இங்கிலீஷ்தான் காலை வாரும். அந்த இங்கிலீஷுக்கு இராஜம்மா டீச்சர்.

அவளுடைய அப்பா ரயில்வேயில் கேட் காவலர். தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீட்டிலிருந்து கான்வென்டுக்குப் போன ஒரே பெண் அவள். ஐரிஷ் சிஸ்டர்களிடம் படித்தாள். முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் வாயைத் திற, இல்லாவிட்டால் மூடிக்கொள் என்பது அவர்கள் சட்டம். அவள் முழு வாக்கியமாகவே பேசக் கற்றுக்கொண்டாள். 1957-இல் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதியபோது இங்கிலீஷில் அவள் வாங்கியதுதான் வகுப்பிலேயே முதல் மார்க். துரைகள் பேசுகிற இங்கிலீஷை கேட்காரர் மகள் பேசுகிறாள் என்று ஸ்டேஷன் மாஸ்டரே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார். பயிற்சிக் கல்லூரி நேர்முகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த வாரம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம் என்று இருந்தாள். அடுத்த வருஷம் கடிதம் வரவில்லை. அவளும் கேட்டு எழுதவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு வேலை தேடி வரும் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். வரவும் செய்தது.

மலாய்தான் வினையாகிப் போனது. இப்படி ஒரு கடிதம் என்றைக்காவது வரும் என்று தெரிந்து, முந்தின வருஷங்களிலேயே மூன்று ஜூலை மாதங்கள் அந்த மலாய்ப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தாள். தன்னிடம் படித்த பிள்ளைகள் முன் மேசையிலும் பின் மேசையிலும். ஒருத்தி அங்கிருந்தே கையை ஆட்டி, "டீச்சர், குட் லக்!" என்றாள். நாற்பது வருஷமாகப் பாசாரில் மலாய் பேசுகிறவளுக்கு என்ன பயம் என்றுதான் முதல் தடவை புத்தகத்தைத் தொடாமலே போனாள். சந்தையில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள். வீட்டுக்கு வந்து மகளிடம் அப்படியே ஒப்பித்தபோது சாந்தகுமாரி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மம்மி, இது மீன்காரன்கிட்ட பேசற மலாய்!"

"ஏன், மீன்காரனுக்குப் புரியுதுல்ல?"

"புரியும் மம்மி. மார்க் போடமாட்டான்."

தேர்ச்சி கிடைத்தது, நல்ல தேர்ச்சி கிடைக்கவில்லை. மூன்று தடவையும் அதே கதை.

நாகையா நெத்திலித் தலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "நான் ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"நான் ஓட்டற டாக்சி யார் பேர்ல இருக்கு?"

"அதுக்கென்ன இப்ப?"

"சொல்லு."

"காப்பார்ல இருக்கிற அந்தம்மா பேர்ல."

"பெர்மிட் அந்தம்மாவோடது. அந்தம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பதினோரு வருஷமா வண்டி ஓடுதா இல்லையா? பெர்மிட் ஒருத்தர் பேர்ல, ஓட்டறது ஒருத்தர். இந்த ஊர்ல பாதி வண்டி அப்படித்தான்லா ஓடுது." தலையை அறைப் பக்கம் ஆட்டினார். "உள்ள ஒரு பெர்மிட் சும்மா படுத்துக் கிடக்கு."

உள்ளே சாந்தகுமாரி படுத்திருந்தாள். இருபத்திரண்டு வயது. பயிற்சிக் கல்லூரியை முடித்துவிட்டு டிசம்பரில் வந்தவள். வேலைக் கடிதம் வரவில்லை. நாட்டில் காசு இல்லை, காத்திருங்கள் என்றார்கள். சான்றிதழில் அவளுக்குக் கொடுத்திருந்த பாடம் இங்கிலீஷ். அவள் கேட்டது சரித்திரம். இங்கிலீஷுக்கு ஆள் பற்றவில்லை, நீ இந்தியப் பெண்தானே, வீட்டில் பேசுவாய்தானே என்று அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மலாயில் படித்த பெண். இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் நடுவில் நின்று வார்த்தை தேடுவாள். கல்லூரியிலிருந்து கட்டுரைகளைத் தபாலில் அனுப்புவாள். இராஜம்மா இரவோடு இரவாகத் திருத்தி மறுநாள் தபாலில் சேர்ப்பாள். இரண்டு வருஷம் அப்படி நடந்தது. அந்தச் சான்றிதழில் பாதி தன்னுடையது என்று இராஜம்மா யாரிடமும் சொன்னதில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டதுண்டு.

"பாடம் நீ எடு. பேரு அவளோடது" என்றார் நாகையா. "யாருக்கு என்ன நஷ்டம்?"

சாந்தகுமாரி வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. "சரி மம்மி" என்றாள். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். வீட்டில் படுத்துக் கிடப்பதற்கு அது மேல் என்று நினைத்திருக்கலாம்.

பள்ளியை நடத்திய வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பான வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இராஜம்மா விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், எனக்குக் காகிதம் சரியா இருந்தாக் காணும், அது போதும். உள்ளுக்க ஆர் நிண்டு படிப்பிக்கிறதெண்டு நான் கேக்கவுமில்லை, நீங்கள் சொல்லவுமில்லை. என்ன?"

"சரிங்க சார்."

"ஆனா ஒண்டு. ஆரும் பார்க்க வந்தா, பேர் உள்ள ஆள்தான் நிக்கவேணும்."

மார்ச்சில் அப்படியே தொடங்கியது. அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அம்மா வகுப்புக்குள் போவாள். மகள் பக்கத்து அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போடுவாள், நோட்டுகளை அடுக்குவாள், வீரசிங்கத்துக்குக் கோப்பி கலக்குவாள். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டிதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். இராஜம்மா பாடம் நடத்தும்போது அந்தப் பக்கம் ஒரு பேனா கோடு போடுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது அவளுக்கு உறுத்தியது. இரண்டு தடவை பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சாந்தகுமாரி நிமிரவில்லை.

மூன்றாவது வாரம் ஷா ஆலத்திலிருந்து தொலைபேசி வந்தது. புதன்கிழமை ஒரு அதிகாரி வருகிறார், புதிதாகப் பதிந்த ஆசிரியையின் பாடத்தைப் பார்க்க.

இராஜம்மா அந்த ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து, நாற்பது நிமிஷப் பாடத்தை எட்டு ஃபுல்ஸ்கேப் பக்கத்தில் எழுதினாள். டீச்சர் உள்ளே வருவது, வணக்கம் சொல்வது, கரும்பலகையில் தேதி எழுதுவது, கேள்வி கேட்பது, பிள்ளை சொல்லும் பதில், பதிலுக்கு டீச்சர் சொல்லும் பாராட்டு, எல்லாமே அதில் இருந்தது. சாந்தகுமாரி வீட்டுக்குள் நடந்து நடந்து மனப்பாடம் பண்ணினாள். ஒரு வரி விட்டுப்போனால் இராஜம்மா அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். இரண்டு பேர் நடக்கிற வீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று நாகையா டாக்சியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"பிள்ளைங்க வேற பதில் சொன்னா என்ன பண்றது மம்மி?"

"சொல்லமாட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா என்கிட்ட படிக்கிற பிள்ளைங்க. கேட்டாத்தான் பேசும். பேசினாச் சரியாப் பேசும். இல்லேன்னா வாயைத் திறக்காது."

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. சந்தன நிறத் தலைத்துணி, தோளில் பெரிய பை. வயது இராஜம்மாவைவிடக் குறைவுதான். வீரசிங்கம் படியிறங்கிப் போய், மலாயில் மரியாதையாகப் 'புவான்' என்று கூப்பிட்டு அழைத்து வந்தார். புவான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சாந்தகுமாரி உள்ளே போனாள். இராஜம்மா தட்டிக்கு இந்தப் பக்கம், மகள் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நோட்டைத் திருப்பி, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. காதில் இங்கிலீஷ் விழுந்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

முதல் பத்து நிமிஷம் எழுதிக் கொடுத்தபடியே போனது. வணக்கம், தேதி, முதல் கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை. சாந்தகுமாரி இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். பதில் இல்லை. புது டீச்சர், கடைசி வரிசையில் புது ஆள், பிள்ளைகளுக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. இராஜம்மாவுக்கு அடுத்த வரி நுனி நாக்கில் நின்றது. தட்டியைத் தட்டி எடுத்துக் கொடுக்கலாமா என்று கை எழும்பியது. மின்விசிறி மட்டும் ஓடுகிறது. கீழே மளிகைக் கடையில் யாரோ லோரியிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள்.

பிறகு காகிதத்தை மடிக்கிற சத்தம்.

"ஓகே," என்றாள் சாந்தகுமாரி. "நேத்து பாசார் மாலாம் யார் போனது?" இரவுச் சந்தையைப் பற்றிய அந்தக் கேள்வியை அவள் அரைகுறை இங்கிலீஷில்தான் கேட்டாள். கேள்வியிலேயே இரண்டு தப்பு. இராஜம்மா நோட்டில் இரண்டு கோடு போட்டாள்.

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ஒருவன் தான் போனதாகச் சொன்னான். என்ன வாங்கினாய்? காலணி. எவ்வளவு? அவன் விலையைச் சொன்னான். "ஏமாந்துட்ட!" என்று இன்னொருவன் கத்தினான், அதையும் இங்கிலீஷில்தான் கத்தினான். வகுப்பு சிரித்தது. சாந்தகுமாரியும் சிரித்தாள். நீ கடைக்காரன், நீ வாங்குகிறவன், பேரம் பேசு என்றாள். வார்த்தை தெரியாத இடத்தில் மலாயைப் போட்டார்கள். அவள் அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தாள். அவளுக்கே தெரியாதபோது, "டீச்சருக்கும் தெரியலையே, யாராவது அகராதியைப் பாருங்க" என்றாள். அகராதிக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

இராஜம்மா பதினேழு தப்பு வரைக்கும் எண்ணினாள்.

அப்போது ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. கொஞ்சம் கரகரப்பான குரல். தன் அம்மா பாசாரில் பலகாரக் கடை போடுவதாகவும், மழை வந்தால் தான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும், ஒருநாள் குடை காற்றில் பறந்து போலீஸ்காரர் மேல் விழுந்ததாகவும் சொல்லிக்கொண்டே போனது. இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் குழம்பிக் கிடந்தது. ஆனால் நிற்கவில்லை. இராஜம்மாவுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. எழுந்து தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

மார்க்கிரட். இரண்டு வருஷமாக மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள். அவள் கையெழுத்து இராஜம்மாவுக்கு நன்றாகத் தெரியும். குரலை இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

பாடம் முடிந்து புவான் வெளியே வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பேசுகிறார்கள், எனக்கு அது பிடித்திருந்தது என்று சாந்தகுமாரியிடம் மலாயில் சொன்னார். உன் இங்கிலீஷ் போதாது, நிறையப் படிக்கவேண்டும் என்றும் சொன்னார். சாந்தகுமாரி தலையாட்டினாள். இராஜம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். புவான் அவளைக் கிராணி என்று எண்ணிக்கொண்டு மலாயில் நன்றி சொன்னார். இராஜம்மாவுக்கு என்ன தோன்றியதோ, சர்க்கரை போதுமா, இன்னும் கொஞ்சம் பால் கொண்டுவரட்டுமா, இந்த வெயிலில் ஷா ஆலத்திலிருந்து வருவது சிரமமாக இருந்திருக்குமே என்று, சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷில் முழுமுழு வாக்கியமாகக் கேட்டாள்.

புவான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவரும் இங்கிலீஷுக்கு மாறினார். "எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்! எங்கே படித்தீர்கள்? நீங்களே பாடம் எடுக்கலாமே!"

வீரசிங்கத்துக்கு இருமல் வந்துவிட்டது. "அவவுக்கு... அவவுக்கு நேரமில்லை, புவான்" என்று இருமலுக்கு நடுவே எப்படியோ இங்கிலீஷில் சொல்லி முடித்தார்.

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் சாந்தகுமாரியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. வழக்கமாக ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குகிறவள் அன்றைக்கு ஏறுகிற ஆள், இறங்குகிற ஆள் எல்லாரையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இராஜம்மா சேலைகூட மாற்றவில்லை. கூடத்து மேசையில் அந்த நோட்டை விரித்தாள்.

"பதினேழு" என்றாள். "அதுக்கு மேல எண்ணல. படிக்கட்டுமா?"

"படிங்க மம்மி."

படித்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள், சரியானது எது என்றும் சொன்னாள். சாந்தகுமாரி சண்டை போடவில்லை, எதிரே நின்று கேட்டுக்கொண்டாள். இரண்டை மட்டும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நாகையா வெற்றிலையை மடித்தபடி ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தார்.

"எட்டுப் பக்கம் எழுதிக் குடுத்தேன். அதை மடிச்சு வச்சிட்டு பாசார் மாலாமாம், காலணியாம். அதுவா பாடம்?"

"அவங்க வாயைத் திறக்கல மம்மி. நான் என்ன பண்றது? அப்படியே நிக்கிறதா?"

"கொஞ்ச நேரம் நின்னிருந்தாத் திறந்திருப்பாங்க."

"ரெண்டு வருஷம் நின்னீங்களே."

வெற்றிலை மடிக்கிற கை நின்றது. "ஏய், சாந்தா" என்றார் நாகையா.

"நான் மரியாதை இல்லாம சொல்லலப்பா. மம்மி மாதிரி இங்கிலீஷ் எனக்கு ஜென்மத்துக்கும் வராது. எனக்கே தெரியும். காலேஜ்ல கட்டுரை எழுதினது யாருன்னும் தெரியும்." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பாடம் முடிஞ்சதும் மார்க்கிரட் என்கிட்ட வந்தா. இராஜம்மா டீச்சர்கிட்ட பேசணும்னா முதல்ல மனசுக்குள்ள முழுசா எழுதிப் பார்ப்பாளாம். எழுதி முடிக்கிறதுக்குள்ள டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போயிடுவாங்களாம்."

இராஜம்மா பையிலிருந்து வகுப்பு நோட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினாள். முப்பத்தொரு நோட்டு. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. முதல் நோட்டைத் திறந்து தேதி போட்டாள்.

"மம்மி."

"ம்."

"திங்கக்கிழமையிலேருந்து நான் எடுக்கட்டுமா? வேற எங்கயாவது போஸ்டிங் வர்ற வரைக்கும். நீங்க பக்கத்து ரூம்ல இருங்க. நான் பண்ற தப்பையெல்லாம் எழுதி வைங்க, அன்னன்னைக்கு உட்கார்ந்து படிச்சிக்கிறேன். பேரு என்னோடதாத்தானே இருக்கு."

பக்கத்து அறை என்றால் அந்த நாற்காலி. பதிவேட்டுக் கோடு. வீரசிங்கத்தின் கோப்பி. இராஜம்மா இரண்டாவது நோட்டை எடுத்தாள். திருத்த ஒன்றுமில்லாமல் சுத்தமாக இருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி, அவள் கரும்பலகையில் போட்டதைப் போட்டபடியே எழுதியிருந்தார்கள். அவள் வேகமாகப் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு இடத்திலாவது ஒரு பிள்ளை சொந்தமாக ஒரு வரி எழுதியிருக்காதா என்று தேடினாள்.

"அவ கேக்கிறாள்ல, ஏதாவது சொல்லு" என்றார் நாகையா. "சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

"மம்மி, நான் உங்க வேலையைப் பிடுங்கறேன்னு நினைக்கிறீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம் என்று சொன்னாலும் போதும். எது உண்மை என்று தெரிந்தால் அதைச் சொல்லிவிடலாம். அவள் அடுத்த நோட்டைப் பிரித்தாள், மூடினாள், மறுபடி பிரித்தாள். பேனா மூடி எங்கேயோ உருண்டு போயிருந்தது. குனிந்து தேடினாள்.

அவள் நிமிர்ந்தபோது சாந்தகுமாரி இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். பிறகு மேசை ஓரத்தில் கிடந்த, நான்காக மடித்த அந்த எட்டுப் பக்கத்தை எடுத்து, "இது உங்க பாடம் மம்மி" என்று அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, உள்ளறைக்குப் போய்விட்டாள்.